‘தூய திரவ’ எரிபொருட் கலமும் பதினொருவர் குழுவும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் தனி ஆள். அதனால்தான் அது இன்றுவரை பஞ்சராகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொறுப்பை அன்றைக்கே ஒரு குழுவிடம் ஒப்படைத்திருந்தால் உலகத்தில் ஒரு சக்கரமும் பஞ்சராகியிருக்காது. ஒரு வாகன விபத்தும் நடந்திருக்காது. மனிதகுலம் செய்த அந்த முதற் பிழை திரும்பவும் நிகழாமல் தடுப்பதற்காகவே கல்முனையில் எங்கள் ‘கரையோரப் புத்தாக்க நிறுவகம்’ அமைக்கப்பட்டது என்பது என் நம்பிக்கை.

நான் அதன் உதவிப் பதிவாளர் காலிதீன். பத்தொன்பது வருடச் சேவையில் நாற்பத்திரண்டு குழுக்களுக்குச் செயலாளராக இருந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததாக எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. இங்கே நான் பதிவுசெய்யப்போவது நாற்பத்து மூன்றாவது குழுவின் மகத்தான சாதனையை. அந்தக் குழு மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் நிறுவகத்தில் ஜெனூபா என்றொரு இரசாயனவியல் விரிவுரையாளர் இருக்கிறார். நிந்தவூர்க்காரர். நல்ல குணம், நேரத்துக்கு வருவார், ஒருவரோடும் சண்டைக்குப் போகமாட்டார். ஒரேயொரு குறைபாடுதான். எதையாவது தொடங்கினால் அதைச் செய்து முடித்துவிடுவார்.

அவர் தொடங்கியது மதுசாரத்தில் இயங்கும் எரிபொருட் கலத்தை. பற்றரி மாதிரி ஒரு பெட்டி அது. ஆனால் சார்ஜ் ஏற்றத் தேவையில்லை. மதுசாரத்தைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றினால் நெருப்பில்லாமல், புகையில்லாமல் மின்சாரம் வரும். அந்த மாற்றத்தை நடத்திவைப்பதற்குப் பெட்டிக்குள் ஒரு கறுப்புப் பூச்சு வேண்டும். அதற்குப் பெயர் ஊக்கி. வழமையாக அதைப் பிளாற்றினத்தில் செய்வார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். போதாக்குறைக்குப் பத்து மணித்தியாலத்தில் அது சோர்ந்தும் போய்விடும்.

ஜெனூபா நிந்தவூர் அரிசி ஆலையில் உமி வாங்கினார். அதைக் கரியாக்கினார். கரியின்மேல் பிளாற்றினத்தைக் கிள்ளியும் மலிவான வேறு உலோகத்தை அள்ளியும் பூசினார். மூன்று வருடம் பூசிப் பூசிப் பார்த்து, சோராத ஊக்கி ஒன்றைச் செய்தேவிட்டார். இந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு குழுவைக்கூடக் கேட்கவில்லை என்பதை வேதனையோடு குறிப்பிடுகிறேன்.

அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தவர் பாண்டிருப்பு மீனவர் தம்பிமுத்து. முந்திய மாரியில் அவருடைய படகுப் பற்றரி உப்புத்தண்ணீரில் நனைந்து செத்துவிட்டது. பற்றரி செத்ததும் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியும் செத்தது. அவரும் மச்சான் நிரோசனும் மழைக்குள் இரண்டு நாள் கரை தெரியாமல் அலைந்து, கடைசியில் பாண்டிருப்பு என்று நினைத்து, தெற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் தம்பிலுவிலில் ஏறினார்கள். தம்பிமுத்து மறுகிழமையே கடலுக்குப் போனார். நிரோசன் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்கு வருவார், வலை தைப்பார். தண்ணீரில் கால் வைக்கமாட்டார்.

“நனையாத பற்றரி ஏதும் உங்கட புத்தாக்கத்துல இருக்கா?” என்று கேட்டுக்கொண்டு தம்பிமுத்து எங்கள் நிறுவகத்துக்கு வந்தார். நாங்கள் அவரை முறைப்படி மூன்று நாட்கள் ஒவ்வொரு கருமபீடமாக அனுப்பிவைத்தோம். நான்காம் நாள் யாரோ ஒருவருடைய கவனக்குறைவால் அவர் சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“நனையாத பற்றரி இல்ல அண்ணன்,” என்று ஜெனூபா சொன்னார். “நனைஞ்சாலும் வேலை செய்ற பெட்டி ஒண்டு இரிக்கி. கடல்ல கொண்டுபோய்ப் பாத்துச் சொல்றீங்களா?”

“எப்ப?”

“வாடைக் காத்துக்கு முன்னால.”

ஓகஸ்ட் முதலாம் வாரம் ஜெனூபா பணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ‘மதுசார எரிபொருட் கலங்களுக்கான ஊக்கிகளை மேம்படுத்தல்’ என்ற திட்டத்தின் கடற் பரிசோதனைக்கு இருபது லீற்றர் மதுசாரம் தேவை என்றும், ஒக்டோபர் கடைசிக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றும் நான்கே வரியில் எழுதியிருந்தார்.

பணிப்பாளர் கலாநிதி இஹ்ஸான் அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றி ஒரு தடவையும் வாசித்தார். அன்று பின்னேரமே நாற்பத்து மூன்றாவது குழு பிறந்தது. ‘மேம்படுத்தலை மேம்படுத்தும் குழு’ என்று பெயரிட்டோம். பணிப்பாளர் உட்படப் பதினொரு உறுப்பினர்கள். நூலகர், விளையாட்டு உத்தியோகத்தர், பூந்தோட்ட மேற்பார்வையாளர் என்று எல்லாத் துறைக்கும் இடம் கொடுக்கப்பட்டது. ஜெனூபாவை மட்டும் சேர்க்கவில்லை. விடயம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும்.

“இதுல மதுசாரம் எண்டு எழுதியிரிக்கி,” என்று பணிப்பாளர் கூட்டத்தை ஆரம்பித்துவைத்தார்.

“ஓம் சேர்,” என்றேன்.

“கல்முனையில. நம்மட நிறுவகத்துல. இருவது லீற்றர்.”

“ஓம் சேர்.”

“ஊருக்குத் தெரிஞ்சா என்ன கதைப்பாங்க?”

ஊர் என்ன கதைக்கும் என்பதைப் பற்றிக் குழு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தது. ஊர்கூட அவ்வளவு நேரம் கதைத்திருக்காது.

“பிரச்சினை பொருள்ல இல்ல, சொல்லுலதான்,” என்றார் விளையாட்டு உத்தியோகத்தர். “மதுசாரத்துல முன்னுக்கு நிக்கிறது மது. அத வெட்டிருவம்.”

“வெட்டினா சாரம்தான் மிஞ்சும்,” என்றார் நூலகர். “‘சார எரிபொருட் கலம்’ எண்டு போர்ட் போட்டா, உடுத்த சாரத்தக் கழட்டி எரிக்கிற மிசின் எண்டு சனம் நினைக்கும் சேர்.”

பணிப்பாளர் தன்னையறியாமல் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் அணிந்திருந்தது காற்சட்டை.

“அப்ப அற்ககோல் எண்டு போடுவம்.”

“அது இன்னும் மோசம். அது எல்லாருக்கும் பகிரங்கமா விளங்கும்.”

“அற்ககோல் எண்டுற சொல்லே அரபுல இரிந்து வந்தது எண்டு ஒரு புத்தகத்துல வாசிச்சன்,” என்று நூலகர் மெல்லத் தொடங்கினார்.

“அத இந்த அறைக்கு வெளிய சொல்லிராதீங்க,” என்றார் பணிப்பாளர்.

ஈற்றில் பூந்தோட்ட மேற்பார்வையாளர்தான் வழி காட்டினார். “நான் மருந்தடிக்கிற போத்தல்ல மருந்தெண்டு எழுதுறல்ல சேர். ‘திரவம்’ எண்டு எழுதுவன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறல்ல.”

அந்த யோசனை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘திரவம்’ என்பது வெறுமையாக இருப்பதாகப் பணிப்பாளர் கருதியதால் முன்னால் ‘தூய’ சேர்த்தோம். ‘தூய திரவ எரிபொருட் கலங்களுக்கான ஊக்கிகளை மேம்படுத்தல்’. வாசிக்கும்போதே சுத்தமாக இருந்தது. இருபது லீற்றர் தூய திரவம் வழங்குமாறு பதினொருவரும் கையொப்பமிட்ட கட்டளை களஞ்சியத்துக்குப் போனது.

எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் நேர்மையான மனிதர். உலகத்தில் உள்ளவற்றுள் மிகத் தூய திரவம் எது என்று விசாரித்தறிந்து, செப்டெம்பர் பதினெட்டாம் திகதி இருபது லீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார்.

ஜெனூபா ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“சேர், இது தண்ணி.”

“தூய தண்ணீர்,” என்றேன்.

“இதுல கரண்ட் வராது.”

“ஊற்றிப் பாத்தீங்களா?”

அவர் கேனை என் மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபக்காரர்களைக் கையாள எங்களிடம் தனிப் படிவம் உண்டு. ஆனால் அவர், “தம்பிமுத்தண்ணன் ஒவ்வொரு கிழமையும் வந்து கேக்காரு சேர். அவருக்கு நான் என்ன சொல்ற?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை.

குழு மறுபடி கூடியது. சொல்லை மாற்றியும் பொருள் மாறாமல் அடம்பிடிப்பதைக் கண்டு கவலை தெரிவித்தது. மதுசாரத்தைத் தவிர்க்கவே முடியாதென்றால் மார்க்க ரீதியான கருத்தொன்றைப் பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்தது. மௌலவி கட்டாயம் மறுப்பார், கோப்பைக் கௌரவமாக மூடிவிடலாம் என்பது பணிப்பாளரின் கணிப்பு. அவர் அதை வாயால் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் எனக்கு முகத்தை வாசிக்கத் தெரியும்.

பணிப்பாளர், நான், பூந்தோட்ட மேற்பார்வையாளர் மூவரும் தூதுக்குழுவாக அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குப் போனோம். ஜெனூபாவும் வந்து பின்னால் நின்றார். றிபாத் மௌலவி, தொழ வருபவர்கள் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில், ஒழுகும் பைப்பொன்றைத் திருகிக்கொண்டிருந்தார். பணிப்பாளர் பீடிகை போடத் தொடங்கினார். உலகின் எரிபொருள் நெருக்கடி, நிறுவகத்தின் தூரநோக்கு, பணிக்கூற்று என்று அவர் கால் மணித்தியாலம் தாண்டியபோது மௌலவி திரும்பிப் பார்த்தார்.

“குடிக்கவா?”

“அஸ்தஃபிருல்லாஹ்! இல்ல ஹஸ்ரத்.”

“பெட்டிக்குள்ள ஊத்தி லைட் எரிக்கவா?”

“ஓம்... அப்படித்தான்.”

“அப்ப ஊத்துங்க.” அவர் மறுபடி பைப்பைத் திருகினார்.

“அவ்வளவுதானா ஹஸ்ரத்?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வேணுமெண்டா வேற ஆலிம்மாரிட்டயும் கேட்டுப் பாருங்க.” அவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். “கொரோனா நேரம் பள்ளிக்குள்ள வரக்குள்ள வாசல்ல என்னத்தக் கையில பூசினீங்க சேர்?”

“அது சனிட்டைசர்.”

“அதுக்குள்ள என்ன இரிந்த?”

பணிப்பாளர் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் பாரப்படுத்துவதுபோல என்னைப் பார்த்தார். நான் அதைப் பூந்தோட்ட மேற்பார்வையாளருக்கு அனுப்பிவைத்தேன். அவர் பைப்பைப் பார்த்தார்.

“அஞ்சு லீற்றர் கேன் நாலு ஸ்டோர்ல மிச்சம் கிடக்கு,” என்றார் மௌலவி. “திகதி முடிஞ்சிட்டு. எறியவும் மனமில்ல. உங்களுக்குப் பிரயோசனப்படுமா மகள்?”

ஜெனூபாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். “படும் ஹஸ்ரத். காய்ச்சி வடிச்செடுத்தா சுத்தமா வரும்.”

ஒரு குழு அமைக்காமல், அவகாசம் கேட்காமல், கேட்ட கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிட்டு, போதாததற்குப் பொருளையும் எடுத்துக் கொடுப்பது பொறுப்புள்ளவர் செய்யும் வேலையா? பணிப்பாளர் திரும்பி வரும்வழியில் வாகனத்துக்குள் மிகவும் மனம் நொந்துபோனார். “எழுத்துல கேளுங்க காலிதீன். ரெண்டு பிரதி. அது கிடைக்கிற மட்டும் ஒண்டும் தொடங்க வேணாம்,” என்றார். நான் கடிதம் வரைந்துகொண்டிருக்கும்போதே ஜெனூபா நான்கு கேன்களையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து ஆய்வுகூடத்தில் இறக்கிவிட்டார்.

இரண்டு நாள் வடித்தார். நடைபாதையெல்லாம் ஆஸ்பத்திரி வாசம். இருபது லீற்றரிலிருந்து பதினைந்து லீற்றருக்கு மேல் சுத்தமான மதுசாரம் தேறியது. அதை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கலக்க வேண்டுமாம். முதற் கலவைக்குத் ‘தூய திரவம்’ பயன்பட்டது. குழுவின் தீர்க்கதரிசனத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் நிறுவகத்தின் நற்பெயர் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதில் அக்கறையுள்ள யாரோ ஒருவர் மதுவரி அதிகாரிகளுக்கு, ‘மேற்படி நிறுவகத்தில் கள்ளச் சாராயமாகிய கசிப்பு காய்ச்சப்படுவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்று ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார். அவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. மதுவரிப் பரிசோதகர் நிலாந்தினி இறங்கினார். நேரே ஆய்வுகூடத்துக்குப் போய் ஒரு போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்.

“பேமிட் எங்க?”

ஜெனூபா ஓகஸ்ட் கடிதத்தையும், பதினொரு கையொப்பங்களோடு வந்த கட்டளையின் பிரதியையும் நீட்டினார். நிலாந்தினி வாசித்தார்.

“இதுல தூய திரவம் எண்டுதான் இருக்கு. அது என்ன?”

“தண்ணி மேடம்.”

“அப்ப இது?”

“இது... அதுக்கு முதல் கேட்டது.”

விளக்கம் போதவில்லை. போத்தல்களுக்கு முத்திரை வைத்தார்கள். வாக்குமூலம் எடுப்பதற்காக ஜெனூபாவை ஜீப்பில் ஏற்றினார்கள். மாணவர்கள் வரிசையாக நின்று ஃபோனைப் பிடித்தார்கள். நிறுவகத்தின் பிரதிநிதியாக நானும் ஏறினேன்.

செய்தி எங்களை முந்திக்கொண்டு நிந்தவூருக்குப் போய்விட்டது. பகல் ழுஹர் பாங்குக்கு முன்னமே ஜெனூபாவுக்கு ஊரில் ‘கசிப்பு மிஸ்’ என்று பட்டம் விழுந்திருந்தது. அவருடைய உம்மா சுபைறா மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரர், “மகள் போத்தல் என்ன விலைக்குக் குடுக்கா?” என்று பகிடியாகக் கேட்டிருக்கிறார். அந்த மனிசி தராசில் நிறுத்த மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டது. இதைத் தங்கச்சி ஃபோனில் சொன்னபோது ஜெனூபா மதுவரிக் காரியாலயத்து வாங்கில் என் பக்கத்தில்தான் இருந்தார். ஃபோனை மடியில் வைத்தார். தலைமுக்காட்டின் ஓரத்தால் ஒரு கண்ணைத் துடைத்தார், பிறகு மற்றக் கண்ணை.

“மூணு வருஷம் சேர்,” என்றார். “உம்மா ஒவ்வொரு நாளும் சோறு கட்டித் தந்த. என்ன செய்றாய் எண்டு ஒரு நாளும் கேக்கல்ல.”

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். போன மாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எழும்பிப்போய்க் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான்.

பன்னிரண்டரைக்கு றிபாத் மௌலவி மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒருவரும் அழைக்கவில்லை. “அந்தக் கேன் நாலும் பள்ளிட சாமான். நான்தான் குடுத்த. என்ட பேரையும் எழுதிக்கொள்ளுங்க,” என்று நிலாந்தினியின் மேசைக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் தம்பிமுத்து, ஈரச் சாரத்தோடு, ஆய்வுகூடத்தில் இருந்து எடுத்துவந்த பெட்டியைக் குழந்தைபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நிலாந்தினி ஒரு போத்தலின் முத்திரையை உடைத்துக் கொடுக்க, ஜெனூபா பெட்டிக்குள் ஒரு சிரட்டையளவு கலவையை ஊற்றினார். சின்ன விளக்கு எரிந்தது. தம்பிமுத்து கொண்டுவந்து அதில் பொருத்திய ஜி.பி.எஸ். ‘கல்முனை’ என்று காட்டியது.

நிலாந்தினி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன், உண்மையச் சொல்லுங்க. இதுல ஒரு சொட்டும் நீங்க குடிச்சுப் பாக்கல்லையா?”

“குடிக்கிறதுக்கு எனக்கு வேற இடம் தெரியும் மேடம்,” என்றார் தம்பிமுத்து. “கடல்ல நிண்டு கரைக்கு வாறதுக்குத்தான் இடம் தெரியாமத் திரியிறன்.”

அந்த அம்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஆராய்ச்சித் தேவைக்கு மதுசாரம் வைத்திருப்பதற்கான விண்ணப்பம். ஒரே பக்கம். நிறுவகத் தலைவரின் ஒரு கையொப்பம்.

“இத ஓகஸ்ட்ல தந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே மிஸ். ஏன் தரல்ல?”

ஜெனூபா என்னைப் பார்த்தார். நான் புதிதாகக் கிழித்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

“இன்னொண்டு,” என்று நிலாந்தினி வேறொரு தாளை என் பக்கம் தள்ளினார். “எங்களுக்கு வந்த மொட்டைக் கடிதம். பேரில்ல, கையெழுத்தில்ல. ஆனா மேல கோப்பு இலக்கம் அடிச்சிருக்கு. குழு, நாப்பத்து மூண்டு. இது உங்கட இலக்கமா சேர்?”

எங்கள் அலுவலகத்தில் இருந்து எந்தக் கடிதமும் இலக்கமில்லாமல் வெளியே போவதில்லை என்று பெருமையோடு சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மௌலவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனூபா பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நிலாந்தினி பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

“அத நான் குழுவில வெச்சு...” என்றது பணிப்பாளரின் குரல்.

“வையுங்க சேர். நான் வழக்க உங்கட பேர்ல வைக்கிறன். உங்கட கூரைக்குக் கீழதானே வடிச்சது? நாலு மணி மட்டும் நேரமிருக்கு.”

மூன்று இருபதுக்குப் பணிப்பாளர் நேரிலேயே வந்தார். உட்காரவில்லை, வாசிக்கவில்லை, கண்ணாடியும் போடவில்லை. கையொப்பமிட்டார். எங்கள் நிறுவகத்தின் வரலாற்றில் குழு கூடாமல் இடப்பட்ட முதற் கையொப்பம் அது. இனிமேல் உரிய அனுமதி இல்லாமல் எதையும் வடிக்கக்கூடாது என்று ஜெனூபாவை எழுத்தில் எச்சரித்துவிட்டு, அடுத்த கிழமை பேமிட்டோடு போத்தல்களைத் திருப்பித் தந்தார்கள்.

ஒக்டோபர் இருபத்தெட்டாம் திகதி தம்பிமுத்து பெட்டியோடு கடலுக்கு இறங்கினார். மூன்று நாள் பயணம். இரண்டாம் நாள் வாடைக் காற்று, சொன்ன திகதிக்கு முன்னமே வந்துவிட்டது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். ஜெனூபா நான்காம் நாள் காலை பாண்டிருப்புக் கடற்கரைக்கு வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளி நிரோசன் நின்றார். நானும் போயிருந்தேன். அவதானிப்பாளராக என்று விடுமுறைப் படிவத்தில் எழுதியிருந்தேன்.

பத்து மணிபோல மழைக்குள் ஒரு படகு தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. முன்னால் வந்த படகில் ஒரு சின்ன விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

“ரெண்டு பேரிட பற்றரியும் செத்துட்டு மிஸ்!” என்று தம்பிமுத்து இடுப்பளவு தண்ணீரில் குதித்து வந்தார். “என்னைப் பாத்துக்கொண்டு பின்னால வாங்கடா எண்டு சொன்னன். உங்கட பெட்டி ஒருக்காக் கண்ண மூடல்ல. அறுவத்தெட்டு மணித்தியாலம். தலைக்கு மேலால தண்ணி அடிச்சது. அது பாட்டுல கிடந்து எரிஞ்சது.”

ஜெனூபா பெட்டியை வாங்குவதற்குக் கை நீட்டினார். ஆனால் அதற்குள் நிரோசன் தண்ணீருக்குள் நடந்துபோய்விட்டார். முழங்கால் வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும். மச்சானின் கையிலிருந்த பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விளக்கைக் குனிந்து பார்த்தார்.

“அடுத்த முறை நானும் வாறன்,” என்றார்.

தம்பிமுத்து வீட்டுக்குப் போகவில்லை. பெரிய பாரை மீனொன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிந்தவூருக்குப் போனார். சுபைறாவின் வீட்டுக்குப் போகுமுன் சந்தையில் அந்த மீன்காரரின் தட்டுக்கு முன்னால் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “போத்தல் விலை கேட்ட ஆள் நீங்கதானா? இந்த மீனும் நானும் இன்னும் ரெண்டு படகும் அந்தப் போத்தலாலதான் கரைக்கு வந்த!” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பகல் சுபைறாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பாரை மீன் ஆணத்தின் வாசம் வீதி வரைக்கும் வந்தது என்று சொன்னார்கள்.

வெற்றி கிட்டியதும் நிறுவகம் தன் கடமையை உணர்ந்தது. டிசம்பரில் பளபளப்பான தாளில் ஒரு நூல் வெளியிட்டோம். முதற் பக்கத்தில் பதினொருவரின் வர்ணப் படம். இரண்டாம் பக்கத்தில் பணிப்பாளரின் ‘துணிகரமான கையொப்பம்’ பற்றிய கட்டுரை. மூன்றாம் பக்கத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரின் பங்களிப்பு. கடைசிப் பக்கத்தில் அச்சகத்தாரின் பெயருக்கு மேலே, ‘உதவி: ஆய்வுகூடத்தினர்’. அந்த நூலை நான்தான் பதிப்பித்தேன். கொழும்பிலிருந்து ஒரு விருதும் கிடைத்தது. அதைப் பெற்றுக்கொள்ளப் பதினொருவரும் வாடகை வான் ஒன்றில் போய்வந்தார்கள்.

விருதை மேசைமேல் வைத்துக்கொண்டு குழு தன் இறுதிக் கூட்டத்தை நடத்தியது. அதற்கு முதன்முறையாக ஜெனூபாவும் அழைக்கப்பட்டார். கொழும்பில் யாரோ, “அந்த ஊக்கியில் நீங்கள் செய்த முன்னேற்றம்தான் என்ன?” என்று கேட்டுவிட்டார்களாம். பதினொருவருக்கும் பதில் தெரியவில்லை.

“லேசான விஷயம்தான் சேர்,” என்று ஜெனூபா நின்றபடியே சொன்னார். அவருக்குக் கதிரை போடப்பட்டிருக்கவில்லை. “மதுசாரம் உடையக்குள்ள காபனோரொட்சைட்டு எண்டு ஒரு வாயு உண்டாகும். அது வந்து பிளாற்றினத்துக்கு மேல குந்திரும். குந்தினா எழும்பாது. தானும் ஒண்டும் செய்யாது, வேலை செய்ய வாறதையும் கிட்ட எடுக்காது. கொஞ்ச நேரத்துல எல்லா இடத்தையும் அது பிடிச்சிரும். வெளிய இரிந்து பாத்தா ஊக்கி நல்லாத்தான் இரிக்கிற மாதிரித் தெரியும். உள்ளுக்கு ஒண்டும் நடக்காது.”

“அட!” என்றார் பணிப்பாளர். “மறுகா?”

“பக்கத்துல கொஞ்சம் தகரத்தச் சேத்தன். தகரம் தண்ணியில இரிந்து ஒட்சிசனை எடுத்துக் குடுக்கும். குந்தியிரிக்கிற வாயு வேற வாயுவா மாறி எழும்பிப் போயிரும். இடம் காலியாகும். வேலை நடக்கும். அவ்வளவுதான்.”

“மாஷா அல்லாஹ்! என்ன அருமையான முறை!” பணிப்பாளர் அந்த மாதம்தான் முகாமைத்துவப் பயிற்சிப் பட்டறையொன்றுக்குப் போய்வந்திருந்தார். “இத ஆய்வுகூடத்தோட நிப்பாட்டப்படாது. நம்மட நிர்வாகத்துலயும் இதப் பாவிக்க ஏலுமா மிஸ் ஜெனூபா?”

ஜெனூபா மேசையைச் சுற்றி ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். உதட்டசைவில் எண்ணுவது தெரிந்தது.

“ஏலும் சேர். பன்னிரண்டு கதிரை இரிக்கி. அவ்வளவுக்குக் காணுற தகரம் கல்முனை பஸாரில கிடைக்குமா எண்டுதான் யோசிக்கன்.”

குழுவில் பதினொருவர். பன்னிரண்டாவது கதிரையில் இருந்தவன் நான்.

செயலாளர் என்ற முறையில் நான் பேனையை எடுத்து, கூட்ட அறிக்கையில் கடைசித் தீர்மானத்தைப் பதிந்தேன்: ‘தகரம் கொள்வனவு செய்வது காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.’